கொழும்பிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?
(புவியியல், கணிதம் ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படும் விளக்கக் கட்டுரை)



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் உங்களுள் பலருக்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு மாமாவோ அத்தையோ அண்ணாவோ இருப்பார். அவர் வரும் நாளில் கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்துப் போன அனுபவமும் இருக்கும். ஆனால் "கொழும்பில் பி.ப. 1.00 மணிக்குப் புறப்பட்ட விமானம் லண்டனைப் பி.ப. 6.30 மணிக்கு அடைந்தது. பயண நேரம் யாது?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் "ஐந்தரை மணித்தியாலம்" என்றே எழுதுகிறார்கள். அது பிழை. சரியான விடை பதினொரு மணித்தியாலம்.

ஏன் என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது. தூரம், பயண நேரம், கடிகார நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இவற்றைக் குழப்பாமல் வைத்துக்கொண்டால் இப்பகுதியில் வரும் எந்த வினாவுக்கும் பயப்படத் தேவையில்லை.

1. தூரம்: படத்தில் உள்ள நேர்கோடு குறுகிய பாதை அல்ல

புவி உருண்டையானது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஆகவே,

1 பாகை = 40,000 ÷ 360 = ஏறத்தாழ 111 கி.மீ.

ஒரே நெடுங்கோட்டில் இரண்டு இடங்கள் இருந்தால் அகலக்கோட்டு வித்தியாசத்தை 111 ஆற் பெருக்கினாற் போதும், தூரம் வந்துவிடும். ஆனால் லண்டனும் கொழும்பும் ஒரே நெடுங்கோட்டில் இல்லை. கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ 7° வடக்கு, 80° கிழக்கில் உள்ளது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறத்தாழ 51½° வடக்கில், 0° நெடுங்கோட்டுக்குச் சற்று மேற்கே உள்ளது.

இப்படிப்பட்ட இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை எது? உருண்டையின் மையத்தினூடாக வெட்டும் வட்டத்தைப் பெருவட்டம் என்பர். இரண்டு இடங்களையும் தொடுகின்ற பெருவட்டத்தின் சிறிய வில்லே மிகக் குறுகிய பாதை. இந்த வழியில் கட்டுநாயக்கவுக்கும் ஹீத்ரோவுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 8,700 கி.மீ. ஆகும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். பாடசாலையில் உள்ள பூகோள உருண்டையின் மத்திய கோட்டைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளவெடுங்கள். சுற்றளவு 100 செ.மீ. என வந்தால் 1 செ.மீ. என்பது 400 கி.மீ. இப்போது நூலைக் கொழும்பிலிருந்து லண்டனுக்கு இறுக்கமாகப் பிடியுங்கள். ஏறத்தாழ 21¾ செ.மீ. வரும். 21¾ × 400 = 8,700 கி.மீ.

நூல் எந்த நாடுகளின் மேலாகப் போகிறது என்பதையும் கவனியுங்கள். அரபிக் கடல், ஈரான், கஸ்பியன் கடலோரம், கருங்கடல், உக்ரேனின் தெற்கு, செக் குடியரசு, ஜேர்மனி என்று போகும். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினால் அது அரபுத் தீபகற்பத்தின் மேலாகப் போகும். இரண்டும் ஒன்றல்ல. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடபகுதிகள் இழுபட்டுப் பெரிதாவதே காரணம்.

ரொறன்ரோவை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். கொழும்பிலிருந்து அங்கு செல்லும் மிகக் குறுகிய பாதை 72° வடக்கு அகலக்கோடு வரை ஏறி, ஆட்டிக் வட்டத்தையும் கடந்து, கிறீன்லாந்தின் மேலாக இறங்குகிறது. தூரம் ஏறத்தாழ 14,000 கி.மீ.; மேலே சொன்ன உருண்டையில் 35 செ.மீ. நூல்.

நம்மவர்கள் பெரும்பாலும் டுபாய், தோஹா, லண்டன் போன்ற இடங்களில் விமானம் மாறியே ரொறன்ரோ செல்கின்றனர். அதனால் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை.

கொழும்பு – டுபாய்: ஏறத்தாழ 3,290 கி.மீ.
டுபாய் – ரொறன்ரோ: ஏறத்தாழ 11,080 கி.மீ.
மொத்தம்: 14,370 கி.மீ.

நேர்ப்பாதையை விட 370 கி.மீ. மாத்திரமே கூடுதல். பயணம் நீண்டதாகத் தோன்றுவதற்கு இடையில் காத்திருக்கும் மணித்தியாலங்களே முக்கிய காரணம்.

கவனிக்க: விமானங்கள் எப்போதும் மிகக் குறுகிய பாதையிற் பறப்பதில்லை. காற்று, வானிலை, யுத்தம் ஆகியவற்றால் பாதை மாறும். 2022 பெப்ரவரியில் யுத்தம் தொடங்கியதும் உக்ரேனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. நமது நூல் அந்நாட்டின் தெற்குப் பகுதியைத் தொட்டது அல்லவா? அவ்வழியே போகவேண்டிய விமானம் சுற்றிப் போக நேரிடும். பறக்கும் தூரமும் எரிபொருட் செலவும் கூடும்.

2. பயண நேரம்: கதியும் காற்றும்

சராசரிக் கதி = மொத்தத் தூரம் ÷ மொத்த நேரம்

இன்றைய பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. கதியிற் பறக்கிறது. அப்படியானால் 8,700 ÷ 900 = 9 மணித்தியாலம் 40 நிமிடம் என்று வரவேண்டும். ஆனால் கொழும்பிலிருந்து லண்டன் செல்ல ஏறத்தாழ 11 மணித்தியாலமும், திரும்பி வர ஏறத்தாழ 10½ மணித்தியாலமும் எடுக்கின்றன. காரணங்கள் வருமாறு:

(அ) ஓடுபாதையிற் செல்லும்போதும் மேலேறும்போதும் இறங்கும்போதும் கதி குறைவு.
(ஆ) பாதை முற்றிலும் நேரானதல்ல. இறங்குவதற்கு முன் வானில் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டியும் வரலாம்.
(இ) காற்று. ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், இடைவெப்ப வலயங்களின் மேலாக, மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. இதனை ஜெற் காற்றோட்டம் என்பர். லண்டன் போகும் விமானத்துக்கு இது எதிர்க்காற்று. கொழும்புக்கு வரும் விமானத்துக்கு இது துணைக்காற்று.

மாணவர் பலர் இங்கே ஒரு தவறான காரணத்தை எழுதுகின்றனர். "புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி லண்டன் தானாகவே வரும்" என்பது அது. அப்படியானால் லண்டன் போவதற்குத்தான் குறைந்த நேரம் எடுக்கவேண்டும், நடப்பதோ எதிர்மாறு. புவியுடன் சேர்ந்து அதன் வளிமண்டலமும் சுழல்கிறது. ஓடும் புகையிரதத்தினுள் நீங்கள் மேலே குதித்தால் நின்ற இடத்திலேயே இறங்குவது போன்றது இது. ஆகவே விடையில் "காற்று" என்று எழுதுங்கள். "புவியின் சுழற்சி" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்.

கணிதத்தில் வரக்கூடிய ஒரு பொறி:

காற்றில்லாதபோது மணிக்கு 900 கி.மீ. பறக்கும் விமானம் 8,000 கி.மீ. தூரம் சென்று திரும்புகிறது. போகும்போது எதிர்க்காற்று மணிக்கு 100 கி.மீ.; வரும்போது அதே அளவு துணைக்காற்று. முழுப் பயணத்தின் சராசரிக் கதி யாது?

போகும் நேரம் = 8,000 ÷ 800 = 10 மணித்தியாலம்
வரும் நேரம் = 8,000 ÷ 1,000 = 8 மணித்தியாலம்
சராசரிக் கதி = 16,000 ÷ 18 = மணிக்கு ஏறத்தாழ 889 கி.மீ.

800 ஐயும் 1,000 ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 900 என்று எழுதினால் புள்ளி இல்லை. மெதுவாகப் பறந்த பகுதியில் விமானம் கூடுதல் நேரம் செலவிடுகிறது என்பதை மறக்கவேண்டாம்.

இந்தக் கதியெல்லாம் நேற்றுவரை கிடையாதது. 1942 இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்தது. அதை மீண்டும் இணைப்பதற்காக 1943 முதல் 1945 வரை குவான்ராஸ் நிறுவனம் 'கற்றலினா' எனப்படும் நீரில் இறங்கும் விமானங்களை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அருகேயுள்ள கொக்கல வாவிக்கும் இடையே ஓட்டியது. இடையில் எங்கும் இறங்காமல் இந்து சமுத்திரத்தைக் கடக்க 27 முதல் 33 மணித்தியாலம் வரை சென்றது. பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். அதனால் அது 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் பெற்றது.

அத்தூரம் ஏறத்தாழ 5,650 கி.மீ. பயணம் 28 மணித்தியாலம் எனக் கொண்டால் சராசரிக் கதி மணிக்கு ஏறத்தாழ 202 கி.மீ. இன்று மணிக்கு 800 கி.மீ. சராசரிக் கதியிற் செல்லும் விமானத்துக்கு அதே தூரம் ஏறத்தாழ 7 மணித்தியாலப் பயணம். தூரம் மாறவில்லை, கதி நான்கு மடங்கானதால் நேரம் நான்கில் ஒன்றாகிவிட்டது.

3. கடிகார நேரம்: ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று

புவி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே,

15 பாகைக்கு 1 மணித்தியாலம்
1 பாகைக்கு 4 நிமிடம்

கிழக்கே போகப் போக நேரம் கூடும். மேற்கே போகப் போகக் குறையும்.

கொழும்பு 80° கிழக்கு. 80 × 4 = 320 நிமிடம், அதாவது 5 மணித்தியாலம் 20 நிமிடம். ஆனால் நமது கடிகாரம் கிறீன்விச் நேரத்தை விட 5 மணித்தியாலம் 30 நிமிடம் முந்தியிருக்கிறது. இந்தப் 10 நிமிடம் எங்கிருந்து வந்தது? சூரியனைக் கொண்டு கணிக்கும் தல நேரம் வேறு. நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொள்ளும் நியம நேரம் வேறு. நமது நியம நேரம் 82½° கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. 82½ × 4 = 330 நிமிடம். அந்த நெடுங்கோடு இலங்கையின் தரையைத் தொடுவதே இல்லை. மட்டக்களப்புக்குக் கிழக்கே கடலின் மேலாகச் செல்கிறது.

இந்த நியம நேரம் 1906 இல் நடைமுறைக்கு வந்தது. இடையிற் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து கிறீன்விச்சுடனான வித்தியாசம் 6 மணித்தியாலமாக இருந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் 5½ மணித்தியாலமாக்கப்பட்டது. ஆகவே 1996 இற்கும் 2006 இற்கும் இடையில் அச்சான பழைய புத்தகங்களில் "6 மணித்தியாலம்" என்று கண்டால் அச்சுப்பிழை என்று நினைக்கவேண்டாம். இன்றைய விடைக்கு 5½ ஐயே பயன்படுத்துங்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவர். நாம் அவ்வாறு செய்வதில்லை. எனவே கொழும்பு அவர்களை விட முந்தியிருக்கும் அளவு பருவத்துக்கேற்ப மாறும்.

லண்டன், குளிர்காலம்: 5 மணித்தியாலம் 30 நிமிடம்
லண்டன், கோடைகாலம் (மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை): 4 மணித்தியாலம் 30 நிமிடம்
ரொறன்ரோ, குளிர்காலம்: 10 மணித்தியாலம் 30 நிமிடம்
ரொறன்ரோ, கோடைகாலம் (மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதலாம் ஞாயிறு வரை): 9 மணித்தியாலம் 30 நிமிடம்

நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. கொழும்பு 80° கிழக்கு. ரொறன்ரோ ஏறத்தாழ 80° மேற்கு. வித்தியாசம் 160 பாகை. 160 × 4 = 640 நிமிடம், அதாவது 10 மணித்தியாலம் 40 நிமிடம். குளிர்கால நியம நேர வித்தியாசமான 10½ மணித்தியாலத்துக்கு இது மிக அண்மையில் உள்ளது.

4. மூன்றையும் சேர்த்தல்: மாதிரி வினா

(இங்கு தரப்படும் புறப்படும் நேரங்கள் கணக்குக்காக எடுத்தவை.)

வினா: ஜனவரி 10 ஆம் திகதி 13.00 மணிக்குக் கொழும்பிற் புறப்பட்ட விமானம் அதே நாள் லண்டன் நேரம் 18.30 மணிக்கு ஹீத்ரோவை அடைந்தது. தூரம் 8,700 கி.மீ. எனின் சராசரிக் கதியைக் காண்க.

படி 1: இரண்டு நேரங்களையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுக. லண்டனில் 18.30 எனின், குளிர்காலமாதலால் கொழும்பில் 18.30 + 5.30 = 24.00 மணி.
படி 2: இப்போது கழிக்க. 24.00 – 13.00 = 11 மணித்தியாலம்.
படி 3: சராசரிக் கதி = 8,700 ÷ 11 = மணிக்கு ஏறத்தாழ 791 கி.மீ.

முதலாம் படியை விட்டவருக்கு என்ன வரும்? 18.30 – 13.00 = 5½ மணித்தியாலம்; 8,700 ÷ 5½ = மணிக்கு ஏறத்தாழ 1,582 கி.மீ. அவ்வளவு உயரத்தில் ஒலியின் கதியே மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ. தான். ஒலியை முந்திப் பறந்த கொன்கோர்ட் விமானங்கள் 2003 இல் சேவையிலிருந்து நீங்கிவிட்டன. ஆகவே விடை 1,000 ஐத் தாண்டினால் உடனே முதலாம் படிக்குத் திரும்புங்கள்.

திரும்பி வரும்போது தவறு வேறு விதமாகத் தெரியும். லண்டனில் 20.30 இற்குப் புறப்பட்டு மறுநாள் கொழும்பு நேரம் 12.30 இற்கு வந்தால் கடிகாரம் 16 மணித்தியாலம் காட்டும். கொழும்பு 12.30 என்பது லண்டன் 07.00. எனவே உண்மைப் பயணம் 10½ மணித்தியாலமே. சராசரிக் கதி மணிக்கு ஏறத்தாழ 829 கி.மீ.

5. நள்ளிரவுத் திகதி

இது பரீட்சைக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும்.

24 மணிக் கடிகாரத்தில் 00.50 என்பது ஒரு நாளின் தொடக்கம், முடிவல்ல. 14 ஆம் திகதி 00.50 இற்கு விமானம் எனின், 13 ஆம் திகதி இரவே வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லண்டனில் இருக்கும் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகச் சித்தப்பாவும் சித்தியும் புறப்பட்டனர். ரிக்கற்றை வாசித்து, "14 ஆம் திகதி இரவு பன்னிரண்டு ஐம்பதுக்கு" என்று சொன்னது நான்தான். அப்போதே நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். 14 ஆம் திகதி இரவு வெள்ளவத்தையிலிருந்து வான் பிடித்து, மிளகாய்த்தூளும் மருந்துச் சரக்கும் கட்டிய பெட்டிகளுடன் கட்டுநாயக்க போய்ச் சேர்ந்தோம். "உங்கள் விமானம் நேற்றிரவே போய்விட்டது" என்றார்கள். புதிதாக ரிக்கற் எடுத்து அவர்கள் லண்டன் போய்ச் சேரும்போது குழந்தை பிறந்து இரண்டு நாளாகிவிட்டது. சித்தி என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. அதன் பிறகு எந்த வகுப்பிலும் இந்தப் பகுதியை நான் அவசரமாக நடத்தியதில்லை.

உங்கள் வீட்டிலும் ரிக்கற்றை வாசித்துச் சொல்லும்படி உங்களைத்தான் கேட்பார்கள். நள்ளிரவுக்குப் பிந்திய நேரமாக இருந்தால் திகதியைச் சொல்லி நிறுத்தாதீர்கள். "13 ஆம் திகதி இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட வேண்டும்" என்று சொல்லுங்கள்.

6. நினைவிற் கொள்க

• வெவ்வேறு ஊர்க் கடிகாரங்களை நேரடியாகக் கழிக்கக் கூடாது. முதலில் ஒரே கடிகாரத்துக்கு மாற்றவேண்டும்.
• கிழக்கே கூட்டுக, மேற்கே கழிக்க.
• நள்ளிரவைத் தாண்டினால் திகதியையும் மாற்றுக.
• கோடைகாலமா குளிர்காலமா என்று பார்க்க. வினாவில் நேர வித்தியாசம் தரப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்துக.
• கதி மணிக்கு 700 முதல் 950 கி.மீ. வரை வருகிறதா எனச் சரிபார்க்க.

7. பயிற்சி வினாக்கள்

1. கொழும்பில் ஜனவரி 10 ஆம் திகதி 03.00 மணி. லண்டனிலும் ரொறன்ரோவிலும் திகதியும் நேரமும் யாவை?
2. ஜூலை 5 ஆம் திகதி 14.15 இற்குக் கொழும்பிற் புறப்பட்ட விமானம் அதே நாள் லண்டன் நேரம் 20.45 இற்கு அங்கு சேர்ந்தது. பயண நேரத்தையும் சராசரிக் கதியையும் காண்க. (தூரம் 8,700 கி.மீ.)
3. டிசம்பர் 20 ஆம் திகதி 21.00 இற்கு லண்டனிற் புறப்படும் விமானம் 10½ மணித்தியாலம் பறந்தால் கொழும்பை எப்போது அடையும்?
4. கொழும்பு 7° வடக்கு, சென்னை 13° வடக்கு. இரண்டும் 80° கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளன எனக் கொண்டு தூரத்தைக் காண்க.
5. ஏப்ரல் 23 ஆம் திகதி 00.55 இற்கு விமானம். மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்கவேண்டும் எனின், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு அங்கு இருக்கவேண்டும்?

விடைகள்

1. லண்டன்: ஜனவரி 9, 21.30. ரொறன்ரோ: ஜனவரி 9, 16.30.
2. கோடைகாலம், வித்தியாசம் 4½ மணித்தியாலம். 20.45 + 4.30 = 25.15, 25.15 – 14.15 = 11 மணித்தியாலம். மணிக்கு ஏறத்தாழ 791 கி.மீ.
3. லண்டன் 21.00 = கொழும்பு டிசம்பர் 21, 02.30. அதனுடன் 10.30 ஐக் கூட்ட, டிசம்பர் 21, 13.00 மணி.
4. 6 × 111 = 666 கி.மீ.
5. ஏப்ரல் 22, 21.55 மணி. (ஏப்ரல் 23 என்று எழுதியவர்கள் 5 ஆம் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிக்கவும்.)